மகள் விழப் பழகிய வருடம்

1

பிள்ளை நடக்கப் பழகிய நாளை எல்லாத் தாய்மாரும் நினைவில் வைத்திருப்பார்கள். என் மகள் விழப் பழகிய நாளையும் நான் நினைவில் வைத்திருக்கிறேன். இந்த மாதத்தோடு அதற்கு ஒரு வருடம் முடிகிறது. வீட்டில் கேக் வெட்டவில்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போகும்போது எனக்குள் ஒரு கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. அதை யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது, அதுதான் எழுதுகிறேன்.

ஆரணிக்குப் பத்து வயது. சுவிசில் பிறந்தவள். கிழமையில் இரண்டு பின்னேரம், எங்கள் நகரத்துப் புகையிரத நிலையத்துக்குப் பின்னால் உள்ள பழைய களஞ்சியம் ஒன்றில் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பழகுகிறாள். ஊரில் இருப்பவர்களுக்கு இது என்னவென்று சொல்ல வேண்டும். இதில் குத்து இல்லை, உதை இல்லை. தடித்த பாய் விரித்த தரையில் இரண்டு பிள்ளைகள் கட்டிப் புரளுவார்கள். ஒருவர் மற்றவரை அசையவிடாமல் அமத்திப் பிடிக்க வேண்டும். பிடிபட்டவர் இரண்டு தரம் தட்டினால் பிடித்தவர் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும்.

வன்னியில், அக்கராயனில் வயல் செய்யும் என் தம்பி சுதனுக்குத் தொலைபேசியில் இதை விளங்கப்படுத்தினேன்.

"அப்ப அக்கா, நாங்கள் சின்னனிலை வைக்கல் கும்பியிலை செய்து அடி வாங்கினதைத்தானே அங்கை உடுப்புப் போட்டுப் பழக்கிறியள்?" என்று கேட்டான்.

"ஓமடா, அதுக்குக் காசும் கட்டுறம்" என்றேன்.

2

இதற்குள் நாங்கள் ஆசைப்பட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. "ஆரணி நல்ல பிள்ளை. ஆனால் இந்த வருடம் வகுப்பில் அவளுடைய குரலை நாங்கள் இன்னும் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தார்கள். வீட்டில் வாய் ஓயாதவள். வெளியே போனால் உதடு ஒட்டிவிடும். யாராவது இடித்துக்கொண்டு போனால்கூட அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். ஏதாவது ஒரு விளையாட்டில் சேர்த்துவிடச் சொல்லி ஆசிரியைதான் இந்த இடத்தைக் காட்டினார்.

சேர்ப்பதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கு மட்டும்தான் இன்னும் படிவம் இல்லை. ஏழாவது கேள்வி: உங்கள் பிள்ளையின் கழுத்தை இன்னொரு பிள்ளை பிடிப்பதற்குச் சம்மதமா? ஆம், இல்லை. அகராதியை எடுத்து இரண்டு தரம் பார்த்தேன். அது அதுதான்.

"இதென்னப்பா, கழுத்தைப் பிடிக்கட்டோ எண்டு கேக்கிறாங்கள்?" என்றேன் கணவரிடம்.

"ஓம் எண்டு போடும். இல்லையெண்டு போட்டால் காரணம் எழுதக் கேப்பாங்கள். அதுக்கு வேற படிவம் இருக்கும்" என்றார் அவர். நான் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' போட்டேன்.

முதல் நாள் முழுக்க ஒருவரும் ஒருவரின் கழுத்தையும் பிடிக்கவில்லை. பயிற்சியாளர் மார்த்தா, ஐம்பதை நெருங்கும் மெலிந்த பெண், பிள்ளைகளை ஒரு மணித்தியாலமும் விழுத்தினாள். முன்னுக்கு விழு, பின்னுக்கு விழு, தோளால் உருண்டு எழும்பு. "விழத் தெரிந்த பிள்ளைக்குத்தான் ஏறப் பயம் இருக்காது" என்று பெற்றோருக்குச் சொன்னாள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் அவள் எத்தனை தரம் விழுகிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆரணியோ ஒவ்வொரு தரமும் எழும்பி, திரும்பவும் வரிசையில் போய் நின்றாள். முகம் சிவந்து, தலைமயிர் கலைந்து, அன்றைக்கு அவள் எனக்குப் புதுப் பிள்ளையாகத் தெரிந்தாள்.

மூன்று மாதத்துக்குள் வீட்டில் நடந்த மாற்றங்களைச் சொல்கிறேன். நான் முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை செய்கிறவள். யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதுதான் முதலில் என் கண்ணில் படும். கோழிக்குஞ்சுபோலக் கொத்திக்கொண்டிருந்தவள் இரண்டாம் தரம் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினாள். படுத்ததும் நித்திரை கொண்டாள். கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது. பனிக்காலத்தில் வாசல் படியில் நான் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, "அம்மா, நீங்கள் பிழையா விழுந்திட்டீங்கள்" என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, விடச் சொல்லித் தட்டும் அந்தத் தட்டல்தான். தன்னைவிடப் பெரிய பிள்ளை மேலே கிடந்து அமத்தும்போது ஆரணி பயப்படாமல் மூச்சு விடுவாள், வழி தேடுவாள், வழி இல்லையென்றால் தட்டுவாள். மற்றப் பிள்ளை உடனே விட்டுவிட்டுக் கை கொடுத்துத் தூக்கிவிடும். அழுகை இல்லை, கோபம் இல்லை, திரும்பத் தொடங்குவார்கள். போதும் என்று சொன்னால் விட்டுவிட வேண்டும் என்று பத்து வயதிலேயே பழக்குகிறார்கள். நான் அந்த வயதில் யுத்தத்துக்குத் தப்பி வன்னிக்குள் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடியவள். போதும் என்று நாங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்போம். முதல் தடவை அந்தத் தட்டலையும் அந்த விடுதலையும் பார்த்தபோது நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோசமாகத்தான் அழுதேன்.

அந்தப் பாயில்தான் ஆரணி கதைக்கத் தொடங்கினாள். லேயா என்ற பிள்ளை அவளுடைய சோடி. அவளைவிட அரை அடி உயரம். இரண்டு பேரும் உடுப்பு மாற்றும் அறையில் சிரிக்கிற சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

3

பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. மார்கழி மாதம் போலத் தொடங்கி, ஆரணி ஒவ்வொரு பயிற்சியிலும் எல்லோரிடமும் தோற்றாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளிடமும் தோற்றாள். தோற்பது அவளுக்குப் பெரிய விசயமில்லை. ஆனால் வரவர அவள் முகம் வாடியது.

மார்த்தா ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். "இப்போது நிலத்தில் மல்லாந்து கிடந்து சண்டை பிடிக்கப் பழக்குகிறோம். கால்கள்தான் வேலை செய்ய வேண்டும். எதிராளியின் இடுப்பில் பாதத்தை ஊன்றித் தள்ளி வைக்க வேண்டும். உங்கள் மகள் காலை வைக்கிறாள், சுட்டதுபோல எடுக்கிறாள். பிறகு பிடித்த கையையும் விட்டுவிட்டு இப்படிச் செய்கிறாள்" என்று சொல்லி, என் தோளைத் தொட்டு, அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக் காட்டினாள். "கண்ணில் ஏதாவது வருத்தமா?"

எனக்கு விளங்கியது. நான் பழக்கியதுதான். கால் தவறி யாரிலாவது பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். மார்த்தாவுக்கு இதை ஜேர்மன் மொழியில் சொல்ல வெளிக்கிட்டு, "எங்கள் கால் கெட்டது, உங்கள் உடம்பு கோயில்" என்ற மாதிரி ஏதோ சொல்லி முடித்தேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். என்ன விளங்கியதோ தெரியாது.

பேருந்தில் வரும்போது மகளிடம் கேட்டேன்.

"நீங்கள்தானே சொன்னீங்கள், காலாலை ஒருத்தரையும் தொடக் கூடாது எண்டு. லேயான்ர வயித்திலை கால் வைக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கு. கை தானாப் போகுது அம்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் இனிப் போகேல்லை" என்றாள்.

"அது விளையாட்டுத்தானே, பரவாயில்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்று அன்று முழுக்க யோசித்தேன். என் மகள் சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறாள். தேவாரத்தில் இரண்டாம் வரியில் நின்றுவிடுகிறாள். ஒவ்வொன்றாக என் கையிலிருந்து நழுவிப் போக, நான் சொல்லாமலே, ஒருவரும் பார்க்காத நேரத்திலும், அவளிடம் ஒட்டி நிற்கிற ஒரே ஒரு பழக்கம் இது. புத்தகத்தில் கால் பட்டாலும் கும்பிடுவாள். பேருந்தில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரக் கிழவரில் பட்டாலும் கும்பிடுவாள். இதையும் நானே கழற்றி எறியட்டா? எறியாவிட்டால், வாய் திறந்து சிரிக்க அவள் தேடிக்கொண்ட ஒரே இடம் இல்லாமல் போகும். இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளமாக இருந்தேன்.

பிள்ளை வர மறுக்கிறாள் என்று நான் சொன்னபோது மார்த்தா சொன்னது நேர்மையான சொல். இடத்துக்காக வேறு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். மாசி விடுமுறை முடிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை ஆரணி வந்தால் அவளுடைய இடம் அவளுக்கு. வராவிட்டால் வேறொருவருக்கு.

4

அந்த விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குப் போக ஏற்கெனவே பயணச்சீட்டு எடுத்திருந்தோம். விடுமுறைக்கு முன்னால் மேலதிகமாக ஒரு கிழமை லீவு கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நானே கடிதம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பெருமையோடு 'நெல் அறுவடை' என்று போட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. பத்து வயதுப் பிள்ளை வயலில் எத்தனை மணித்தியாலம் வேலை செய்யும் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கணவர் தலையில் அடித்துக்கொண்டு, 'குடும்ப நிகழ்வு' என்று மாற்றி எழுதினார். உடனே அனுமதி கிடைத்தது. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டுகிற பழக்கம் எனக்குக் கடல் கடந்தும் போகவில்லை.

வவுனியா தாண்டியதும் புகையிரதத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆரணி கைத்தொலைபேசியில் தலையைப் புதைத்திருந்தாள்.

சுதனுக்கு ஒரே மகள் டிலக்சி. பன்னிரண்டு வயது. உழவு இயந்திரம்கூட ஓட்டுவாள், தகப்பன் பார்க்காவிட்டால். வந்து இறங்கிய அன்றே, "மச்சாள், சைக்கிள் ஓடுவியோ?" என்று ஆரணியைக் குளத்து வாய்க்கால் கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சுதனும் நானும் பின்னால் நடந்தோம். கட்டின் மேல் ஒரு மாடு குறுக்கே வந்தது. ஆரணி சைக்கிளை வெட்டினாள், சைக்கிள் வாய்க்கால் பக்கம் போனது, பிள்ளை மற்றப் பக்கம் பறந்தாள். "ஐயோ!" என்று சுதன் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். அவன் போய்ச் சேர முதல் ஆரணி தோளால் உருண்டு, நிலத்தில் கையால் ஒரு அடி அடித்து, எழும்பி நின்றாள். முழங்கையில் ஒரு சின்ன உராய்வு. வேறொன்றும் இல்லை.

"குப்புற விழுந்தும் மீசையிலை மண் ஒட்டேல்லை எண்டுறது உன்னைத்தான்" என்று சுதன் மூச்சு வாங்கச் சொன்னான். "இதை எங்கையடி பழகினனீ?"

"அதுக்கு இனிப் போகேல்லை மாமா" என்றாள் அவள் மெல்ல.

வீட்டில் சுதனின் மனைவி சாந்தி கேட்டதும் முகத்தைச் சுளித்தாள். "பொம்பிளைப் பிள்ளையெல்லோ மச்சாள். உருண்டு பிரண்டு, கை கால் முறிஞ்சால் ஆர் பாக்கிறது?" முறியாமல் வந்து நிற்கிற பிள்ளையைத்தான் காட்டினேன்.

5

மூன்றாம் நாள் வெட்டிய நெல் முற்றத்திலும் வீதிக் கரையிலும் படங்கு விரித்துக் காயப் போட்டிருந்தது. மாசி வெயில் நல்ல வெயில். டிலக்சிக்குத்தான் நெல் கிளறும் வேலை. அதை முடித்துவிட்டு வந்து, "மச்சாள், உன்ர சண்டையை எனக்கும் காட்டித் தா" என்று நின்றாள். வைக்கோலைப் பரப்பி, மேலே ஒரு பழைய படங்கைப் போட்டார்கள். பாய் ரெடி.

ஆரணி மல்லாந்து படுத்தாள். டிலக்சி மேலே பாய்ந்தாள். ஆரணி அவளுடைய இடுப்பில் காலை ஊன்றினாள், உடனே எடுத்தாள், தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அதற்குள் டிலக்சி அமத்திவிட்டாள். திரும்பவும் அதே. ஐந்தாம் தரம் டிலக்சிக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னடி இது? சண்டை பிடிக்கிறியோ, பூசை செய்யிறியோ?"

ஆரணி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். கால் படக் கூடாது, பட்டால் கும்பிட வேணும், கும்பிட்டால் தோக்கிறன், அதாலை இனிப் போகேல்லை. நான் குசினி வாசலில் சுளகோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குறுக்கே போகவில்லை.

டிலக்சி நெற்றியைச் சொறிந்தாள். பிறகு ஆரணியின் கையைப் பிடித்து நெல் படங்குக்கு இழுத்து வந்தாள். "உதுக்கை இறங்கு" என்றாள்.

ஆரணி பின்வாங்கினாள். "இது சாப்பாடெல்லோ? சாப்பாட்டிலை கால் வைக்கிறதோ?"

"எங்கட அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுவா, நெல்லு லச்சுமி எண்டு. இஞ்சை பார்." டிலக்சி குனிந்து நெல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பிறகு இறங்கி, இரண்டு காலையும் இழுத்து இழுத்துக் கோடு கோடாக நெல்லைக் கிளறிக்கொண்டு மற்றக் கரைக்கு நடந்தாள். அங்கே நின்று திரும்பிக் கத்தினாள். "இறங்க முதல் ஒருக்காக் கும்பிடுறது. பிறகு பொழுதுபடும் மட்டும் மிதிக்கிறது. அடிக்கொருக்காக் கும்பிட்டுக்கொண்டு நிண்டால் நெல்லு காயுமே?"

"அது கோவிக்காதோ?"

"மிதிக்காட்டித்தான் கோவிக்கும். ஈரத்திலை கிடந்து பழுதாப் போம்."

என் கையில் சுளகு அப்படியே நின்றது. இந்த முற்றத்தில், இதே வெயிலில், நானே எத்தனை வருடம் இப்படிக் கும்பிட்டுவிட்டு மிதித்திருக்கிறேன். இத்தனை நாளாக மண்டையைப் போட்டு உடைத்த எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. என் மடத்தனத்தை நினைத்து நன்றாகச் சிரித்தேன்.

ஆரணி நெல்லைத் தொட்டுக் கும்பிட்டாள். இறங்கினாள். முதலில் விரல் நுனியால், பிறகு முழுப் பாதத்தால். நெல் சுட்டிருக்க வேண்டும், "ஆ, ஆ" என்று துள்ளிக்கொண்டே ஒரு கோடு போட்டாள். இரண்டாவது கோடு நேராக வந்தது. பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் போட்டிக்கு நடந்தார்கள்.

பிறகு வைக்கோலுக்குத் திரும்பினார்கள். ஆரணி டிலக்சியின் தோளைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றினாள்.

"இண்டைக்கு முழுக்க இது காணும்" என்றாள் டிலக்சி. "வா இப்ப."

மல்லாந்து கிடந்த என் மகளின் இரண்டு பாதமும் மச்சாளின் இடுப்பில் போய் ஊன்றின. எடுக்கவில்லை. ஒரு இழுவை, ஒரு தள்ளு. டிலக்சி அவளுடைய தலைக்கு மேலால் வைக்கோலுக்குள் போய் விழுந்தாள். கோழிகள் கத்திக்கொண்டு ஓடின. ஆரணி எழும்பி மேலே போய் அமத்த முதல் டிலக்சி உருண்டு தப்பிவிட்டாள். தலை நிறைய வைக்கோலோடு நின்று, "இன்னொருக்கா!" என்றாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் அயலில் உள்ள பிள்ளைகள் ஒன்பது பேர் பின்னேரத்தில் வந்து நின்றார்கள். ஆரணி எல்லோரையும் வரிசையில் விட்டு விழப் பழக்கினாள். தட்டினால் விட வேண்டும் என்று, பிழையான தமிழில், உரத்த குரலில் சட்டம் சொன்னாள். விடாத ஒருத்தனை வெளியே இருத்தினாள். வகுப்பில் குரலே கேட்கவில்லை என்று கடிதம் எழுதிய ஆசிரியையைக் கொண்டுவந்து வேலியோரம் நிறுத்த வேண்டும் போல எனக்கு ஆசையாக இருந்தது. சாந்திகூட ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து பார்த்தாள். ஒருநாள் நான் தனியாகப் பிடித்துக் கேட்டபோது, "பிள்ளை நல்லாச் சாப்பிடுறா மச்சாள், நித்திரையும் கொள்ளுறா. இனி என்னத்தைச் சொல்ல" என்றாள், டிலக்சியைப் பற்றி.

6

விமானத்தில் ஆரணி கேட்டாள். "அம்மா, அங்கை கும்பிட்டால் சிரிப்பினமே?"

"சிரிச்சால் சிரிக்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் அதே கேள்விதான். டிலக்சிக்கு விளங்கியது லேயாவுக்கு விளங்குமா? ஒருவர் சிரித்தால் போதும், இந்தப் பிள்ளை திரும்ப வாயை மூடிவிடும். பாயும் போய், பழக்கமும் போய், இரண்டும் கெட்டு நிற்போம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவளே பையை எடுத்துத் தோளில் போட்டாள். நான் பின்னால் போனேன்.

கண்ணாடிச் சுவரின் இந்தப் பக்கம் பெற்றோர் வழக்கம்போல அமைதியாக இருந்தார்கள். இங்கே பிள்ளை தோற்றாலும் வென்றாலும் ஒருவரும் சத்தம் போடுவதில்லை. கோப்பியைக் குடித்துக்கொண்டு பார்ப்பார்கள். நானும் இதுவரை அப்படித்தான் இருந்தேன்.

சோடி பிரிந்தார்கள். ஆரணி லேயாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அவளுடைய தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். லேயா ஏதோ கேட்டாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் திரும்பினார்கள். ஒரு பிள்ளை சிரித்தது.

ஆரணி எழும்பினாள். வாசல் கதவு திறந்திருந்தது, அவள் சொன்னது எல்லாம் கேட்டது. "நெல்லை மிதித்தால்தான் காயும். ஆனால் அது பெரிய ஆள். அதனால் முதலில் மரியாதை சொல்ல வேண்டும். பிறகு மிதிக்கலாம்" என்று கணீரென்ற ஜேர்மன் மொழியில் சொன்னாள். பிறகு லேயாவைக் காட்டி, "இவளும் பெரிய ஆள்" என்றாள். சிரித்த பிள்ளை வாயை மூடிக்கொண்டது. லேயா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அப்போ மிதி" என்றாள்.

தொடங்கச் சொல்லி மார்த்தா கையைத் தட்டினாள். ஆரணி மல்லாந்தாள். லேயா வந்தாள். இரண்டு பாதமும் இடுப்பில் ஊன்றின, அங்கேயே நின்றன. பிள்ளையின் இரண்டு கையும் லேயாவின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தன. லேயா ஒரு அடி முன்னுக்கு வந்தாள். ஆரணி இழுத்தாள், தள்ளினாள், அந்த உயரமான பிள்ளை அப்படியே புரண்டு கீழே வந்தாள். என் மகள் மேலே இருந்தாள்.

மேலே வந்த பிறகு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவு தூரம் அவள் ஒருநாளும் வந்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், வாய் நிறையச் சிரிப்போடு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைத் தேடினாள். லேயா கீழே நெளியத் தொடங்கிவிட்டாள். இன்னும் ஒரு கணம் விட்டால் தப்பிவிடுவாள்.

என் கதிரை பின்னால் விழுந்தது. நான் எழும்பிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அமத்திப் பிடியடி பிள்ளை! விடாதை!" என்று கத்தினேன். கோப்பிக் கோப்பைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. நான் இன்னும் பலமாகக் கத்தினேன்.